மதிப்பெண் இல்லாத பக்கங்கள்

எழுத்தாளர் சுஜாதா ஸ்ரீரங்கத்தில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர், திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்தவர், பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய பணியில் பங்கு கொண்டவர். இவ்வளவும் அவருடைய வாசகர்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. அவர் ‘அம்பலம்’ என்ற இணைய இதழுக்கு ஆசிரியராக இருந்தார் என்பது இன்றைய இளைய வாசகர்கள் பலருக்குத் தெரியாது. இணையம் தமிழ் வீடுகளுக்குள் அப்போதுதான் நுழைந்துகொண்டிருந்தது. கணினியைப் பற்றித் தமிழில் எழுதி ஒரு தலைமுறைக்கே அதைப் பழக்கியவர் அந்த இதழை நடத்தினார். 2008 பிப்ரவரி 27ஆம் தேதி காலமானார்.

இன்று அந்த இதழ் அதன் முகவரியில் இல்லை. அதில் அவர் எழுதியவற்றில் புத்தகமாக அச்சேறியவை கைக்குக் கிடைக்கின்றன. மற்றவற்றைப் பற்றி, ‘அம்பலத்தில் எழுதியிருந்தார்’ என்று பிறர் எழுதிய குறிப்புகளும் எங்கேயும் கொண்டுபோய்ச் சேர்க்காத சுட்டிகளும்தான் மிஞ்சியிருக்கின்றன. தமிழில் சுஜாதாவைவிட அதிகம் படிக்கப்பட்ட ஒருவர் அன்றைய தமிழ் இணையத்துக்கு வாய்த்திருக்க முடியாது. அந்தப் புகழால் அந்தப் பக்கங்களைக் காப்பாற்ற முடியவில்லை. இணையத்தில் புகழை எப்படி அளக்கிறார்கள், அந்த அளவு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று பார்க்கத் தோன்றியது இதனால்தான்.

1998இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்த லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் தங்கள் தேடுபொறியைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் வரும் பேஜ்ரேங்க் என்ற கணக்கின் அடிப்படை எளியது. ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டுகிற பக்கங்களை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன என்று பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் தருவது. இதை விளக்க அவர்கள் ஒரு கற்பனை ஆளை நடக்கவிட்டார்கள். அந்த ஆளை நாம் ஸ்ரீரங்கத்தில் கொண்டுவந்து விட்டுப் பார்க்கலாம். ஊர் தெரியாதவர், எதையும் தேடி வராதவர். ஒவ்வொரு முனையிலும் கண்ணில் படுகிற வழிகளில் ஏதோ ஒன்றில் திரும்புகிறார். 100க்கு 85 முறை இப்படி. மீதி 15 முறை நடந்த வழியை விட்டுவிட்டு ஊரின் வேறேதோ ஓர் இடத்திலிருந்து புதிதாகத் தொடங்குகிறார். அடையவளஞ்சான் வீதி, சித்திரை வீதி, உத்திர வீதி என்று அவர் ஓயாமல் சுற்றட்டும். எந்த இடத்தில் எத்தனை தடவை தென்பட்டார் என்று எண்ணினால் அந்த எண்ணிக்கைதான் அந்த இடத்தின் மதிப்பெண். ராஜகோபுரத்தடிக்கும் ரங்கா ரங்கா கோபுர வாசலுக்கும் நிறையக் கிடைக்கும், ஏனென்றால் எல்லா வழியும் அங்கே வந்து சேர்கிறது. வேணுகோபாலன் சன்னிதியின் வெளிச்சுவருக்குக் குறைவாகத்தான் கிடைக்கும்.

அந்த வெளிச்சுவரில் வீணையோடு நிற்கும் பெண்ணின் சிற்பத்தை ஒருமுறை நின்று பார்த்தவர்களுக்கு அதன் தரத்தை யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நம்முடைய நடையாளின் கணக்குக்கு அந்த விஷயம் தெரியாது. வழிகள் எப்படி அமைந்திருக்கின்றன என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அது சொல்வது உண்மைதான். ஆனால் அது தெருவைப் பற்றிய உண்மை. சிற்பத்தைப் பற்றியது இல்லை.

அந்த யோசனையை நான் மதிக்கிறேன். அதற்கு முன்பிருந்த தேடுபொறிகளில் ஒரே சொல்லை ஒரு பக்கத்தில் நூறு தடவை நிரப்பி வைத்தால் அந்தப் பக்கம் மேலே வந்துவிடும். அந்தக் குப்பையிலிருந்து இணையத்தை மீட்டது பேஜ்ரேங்க். சிக்கல் வந்தது அந்த எண்ணை எல்லோர் கண்ணிலும் படும்படி வைத்தபோதுதான். கூகுள் தன் கருவிப்பட்டையில் ஒவ்வொரு பக்கத்துக்கும் பூஜ்யத்திலிருந்து பத்து வரை ஒரு மதிப்பெண் காட்டியது. உடனே சுட்டிகளை விற்கவும் வாங்கவும் ஒரு சந்தை கூடிவிட்டது. 2016இல் அந்தக் காட்சியை நிறுத்தினார்கள். உள்ளே வேறு பல கணக்குகளோடு சேர்ந்து மதிப்பெண் இன்னமும் போடப்படுகிறது. நமக்குக் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் இன்னொரு எண்ணும் இருந்தது. அலெக்சா தரவரிசை. உலகத்துத் தளங்களை எல்லாம் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படுத்தும். எங்கள் தளம் இத்தனையாவது இடம் என்று விளம்பரதாரர்களிடம் காட்டிக்கொண்ட தமிழ்த் தளங்களும் உண்டு. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பெரும் பங்கு தன் கருவிப்பட்டையை நிறுவிக்கொண்டவர்களின் நடமாட்டத்திலிருந்து வந்தது. திருச்சியில் பலர் முதன்முதலில் இணையத்தைப் பார்த்தது பிரவுசிங் சென்டரில்தான். சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் தில்லைநகர் குறுக்குத் தெருக்களிலும் மணிக் கணக்குக்குக் காசு கொடுத்து, தடுப்புப் பலகைக்குள் உட்கார்ந்து படித்தார்கள். ஒரே கணினியில் நாளெல்லாம் ஆள் மாறி ஆள் உட்காருவார்கள். அதில் யார் கருவிப்பட்டை நிறுவுவார்கள்? வீட்டில் சொந்தக் கணினி வைத்திருந்தவர்களின் பழக்கம் உலகத்தின் ரசனையாக எண்ணப்பட்டது. மற்றவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

தமிழுக்கு இதைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. அது எழுத்துருவின் தடை. யூனிகோடு பரவலாவதற்கு முன் தமிழ்ப் பக்கங்கள் டிஸ்கி, டாம், டாப் என்ற குறியேற்றங்களிலும், ஒவ்வொரு பத்திரிகையும் தனக்கென்று செய்துகொண்ட எழுத்துருக்களிலும் இருந்தன. இவற்றில் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்துகள் கணினிக்குள் உட்கார்ந்த இடங்கள் ஐரோப்பிய மொழிகளின் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரியவை. அந்த எழுத்துரு நம் கணினியில் இருந்தால் ‘திருவரங்கம்’ என்று அழகாகத் தெரியும். இல்லாவிட்டால் கொம்பும் புள்ளியும் வைத்த லத்தீன் எழுத்துகளும் நாணயக் குறிகளும் கலந்து கிடக்கும். தேடுபொறி கண்டது இந்த இரண்டாவதைத்தான். ஒருவர் யூனிகோடில் ‘திருவரங்கம்’ என்று அடித்துத் தேடினால் அந்தப் பக்கம் அவரிடம் வந்து சேர வழியே இல்லை. 1999இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாடு விசைப்பலகைக்கும் குறியேற்றத்துக்கும் ஒரு தரம் வகுத்தது. தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது 2010இல். இடைப்பட்ட ஆண்டுகளில் எழுதப்பட்டவற்றில் மாற்றப்படாதவை இன்றும் அந்த லத்தீன் குவியலுக்குள்தான் கிடக்கின்றன. நல்ல கட்டுரையாக இருக்கலாம். ஊரே படித்ததாக இருக்கலாம். தேடலில் அதன் மதிப்பெண் பூஜ்யம். படிக்கத் தெரியாத ஒருவர் திருத்திய விடைத்தாளின் மதிப்பெண்ணை நாம் ஏற்றுக்கொள்வதில்லை. இந்தப் பூஜ்யத்தையும் ஏற்க வேண்டியதில்லை.

இப்போது யூனிகோடு வந்துவிட்டது. ஆனாலும் தமிழர்கள் ஒன்றைப் பகிர்ந்துகொள்ளும் விதம் இந்தக் கணக்குக்குள் வருவதில்லை. வைகுண்ட ஏகாதசி நிகழ்ச்சி நிரல் வாட்ஸ்அப்பில் படமாக வருகிறது. பகல் பத்தில் இன்றைக்கு என்ன சாத்துப்படி, முத்தங்கி சேவை எத்தனை நாள் என்பதெல்லாம் குரல் பதிவாகவும் ஒளிப்படமாகவும் ஸ்ரீரங்கத்திலிருந்து கிளம்பிச் சிங்கப்பூர் போகிறது, நியூஜெர்சி போகிறது. நல்ல கட்டுரை ஒன்று கிடைத்தால் முகவரியை விட்டுவிட்டு முழுக் கட்டுரையையும் வெட்டி ஒட்டி அனுப்புகிறோம், பல சமயம் எழுதியவர் பெயர்கூட இல்லாமல். பத்தாயிரம் பேர் படித்திருப்பார்கள். எழுதியவரின் தளத்துக்கு ஒரு சுட்டிகூட விழுந்திருக்காது. இதில் நம் பங்குக் குற்றமும் இருக்கிறது.

மதிப்பெண்ணைப் பற்றி இவ்வளவு போதும். தளம் நின்றுபோவதைப் பற்றிப் பேச வேண்டும். தமிழ்நாட்டில் அது கணினிக்காரர்களின் பேச்சு மட்டும் இல்லை. ‘சர்வர் டவுன்’ என்பதை ரேஷன் கடை வரிசையில் நிற்பவர் சொல்கிறார், பத்திரப் பதிவுக்குப் போய்த் திரும்புகிறவர் சொல்கிறார், வருமானச் சான்றிதழுக்கு அலைகிற மாணவியின் அம்மா சொல்கிறார்.

நவம்பர் 30. மத்திய அரசு ஓய்வூதியர்கள் தாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று ஆண்டுக்கொருமுறை சான்று தருவதற்கான கெடு அன்றோடு முடிகிறது. திருச்சியில் ஒரு சேவை மையத்தில் நான் வேறொரு வேலையாகக் காத்திருந்தேன். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். கட்டை விரலைக் கருவியில் வைப்பார், எடுப்பார், வேட்டி நுனியில் துடைத்துக்கொள்வார், மறுபடி வைப்பார். ஆயுள் முழுக்க இரும்பு பிடித்த விரல். ரேகை மங்கலாக இருந்தது.

“ரேகை போயிருச்சு ஐயா. அதுக்கப்புறம்தான் சுத்திக்கிட்டே இருக்கு. சர்வர் கிடைக்கலை” என்றார் மேசைக்குப் பின்னால் இருந்த பெண்.

“நேத்தும் இதையேதாம்மா சொன்னீங்க. இன்னிக்குக் கடைசி நாளாச்சே?”

“கடைசி நாளுங்கறதாலதான் ஐயா. எல்லாரும் ஒரே நேரத்துல போடறாங்க. நீங்க அப்படி உக்காருங்க, வந்துச்சுன்னா முதல்ல உங்களுக்குத்தான்.”

அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, ஓய்வூதியப் புத்தகம் வைத்திருந்த மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் பெண் தன் சாப்பாட்டு நேரத்தை விட்டுவிட்டு விசையைத் தட்டிக்கொண்டே இருந்தார். பிற்பகலில் ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்தது.

சர்வர்களின் ஒழுங்கை ஒரு சதவீதத்தில் சொல்வார்கள். 99.9 சதவீதம் இயங்குகிறது என்றால் நல்ல பெயர். ஓர் ஆண்டில் ஏறக்குறைய 8 மணி 45 நிமிடம் நின்றால் அந்தக் கணக்கு சரியாக வரும். 99.99 என்றால் 53 நிமிடத்துக்குள். எந்த 8 மணி நேரம் என்று இந்தக் கணக்கு கேட்பதில்லை. ஆடி மாத நள்ளிரவு இரண்டு மணிக்கு நின்ற ஒரு மணி நேரமும் நவம்பர் 30 முற்பகலில் நின்ற ஒரு மணி நேரமும் அதற்கு ஒன்றுதான். பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் காலையும் அப்படித்தான். லட்சக்கணக்கான பிள்ளைகள் பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் அடித்துவிட்டு ஒரே நேரத்தில் விசையைத் தட்டுகிறார்கள். ஆண்டு முழுக்கச் சும்மா கிடக்கும் தளம் அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் இருக்கிறது. அப்போது திணறினால் மீதி 364 நாளும் நன்றாக ஓடியது என்று சொல்வதில் என்ன பொருள் இருக்கிறது? முடிவைக் குறுஞ்செய்தியிலும் அனுப்பத் தொடங்கினார்கள். அது நல்ல ஏற்பாடு. ஒரே வாசலில் எல்லோரையும் நிறுத்தாமல் இன்னொரு வாசலைத் திறப்பதுதான் சரியான வழி.

கூட்டமே இல்லாமலும் பெரிய தளங்கள் விழுகின்றன. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுக்க ஆறு மணி நேரம்போல இல்லாமல் போயின. பராமரிப்பின்போது கொடுத்த ஒரு தவறான கட்டளை அந்நிறுவனத்தின் சர்வர்களுக்குப் போகும் பாதையையே இணையத்தின் வழிகாட்டிப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. எந்திரங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அவற்றுக்குப் போகும் வழி யாருக்கும் தெரியவில்லை. புகழ் அளவில் உலகத்தின் முன்வரிசையில் இருந்த தளங்கள் அவை.

முன்பு சொன்ன அலெக்சாவை 1996இல் தொடங்கியவர்கள் புரூஸ்டர் காலேயும் புரூஸ் கிலியட்டும். அதே 1996இல் காலே இன்னொன்றையும் தொடங்கினார். அதுதான் இன்டர்நெட் ஆர்க்கைவ். வலைப்பக்கங்களை நகலெடுத்து வைக்கும் நூலகம். அலெக்சா இணையத்தைச் சுற்றித் திரட்டிய பக்கங்களின் நகல்கள் இந்த நூலகத்துக்குப் போயின. 1999இல் அமேசான் அலெக்சாவை விலைக்கு வாங்கியது. 2022 மே 1 அன்று அந்தத் தரவரிசை மூடப்பட்டது. கால் நூற்றாண்டு காலம் உலகம் தூக்கிப் பிடித்த எண்கள் இப்போது யாருக்கும் தேவையில்லை. போகிற போக்கில் எடுத்து வைத்த நகல்களுக்குத்தான் இன்று மதிப்பு. செத்துப்போன எத்தனையோ தமிழ்த் தளங்களின் சில பக்கங்களாவது கிடைப்பது அந்த ஆர்க்கைவில்தான். மதிப்பெண்ணும் நகலும் ஒரே மனிதரின் கையிலிருந்து ஒரே ஆண்டில் புறப்பட்டன. நிலைத்தது எது என்று பார்த்துவிட்டோம்.

அந்த நூலகமும் ஓரிடத்தில் இருப்பதுதான். 2024 அக்டோபரில் அதன்மேல் தாக்குதல் நடந்தது. 3.1 கோடிக் கணக்குகளின் விவரங்கள் திருடப்பட்டன, பல நாள் தளம் திறக்கவில்லை. நகல்களைக் காப்பவருக்கும் நகல் வேண்டும்.

இது நம் நாட்டுக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஸ்ரீரங்கத்துக்குக் கிழக்கே, கொள்ளிடத்தின் வடகரையில் திருமழபாடி இருக்கிறது. அங்கே வைத்தியநாதர் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்டுவதற்கு முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். ஏறக்குறைய 1013. பிரிப்பதற்கு முன் சுவரில் இருக்கும் கல்வெட்டுகளைப் படியெடுத்து ஏட்டில் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதும் ஆணை. முதலாம் இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், ஏறக்குறைய 1026இல், அந்த ஏட்டைப் பார்த்துக் கல்வெட்டுகள் புதுச் சுவரில் மறுபடி வெட்டப்பட்டன. இதைச் சொல்வதும் ஒரு கல்வெட்டுத்தான். நடுவில் பதின்மூன்று ஆண்டு, அரசனே மாறிவிட்டான், ஏடு தொலையவில்லை. கோயில் சுவர்களில் பொதுவாக இருப்பவை என்ன? இன்னார் ஒரு நந்தா விளக்குக்கு இத்தனை ஆடு விட்டார், இன்ன ஊரில் இவ்வளவு நிலம் விட்டார் என்ற செய்திகள். ஸ்ரீரங்கம் கோயிலிலேயே 600க்கு மேற்பட்ட கல்வெட்டுகள் பதிப்பிக்கப்பட்டிருக்கின்றன. அன்றாடம் கடந்து போகிறவர்களில் அவற்றை நின்று படிப்பவர் மிகச் சிலர். அந்தச் சிலரால்தான் நமக்கு வரலாறு கிடைத்தது.

நாதமுனிகளைப் பற்றி வைணவ மரபு சொல்லும் செய்தியும் இங்கே பொருந்தும். காட்டுமன்னார்கோயிலில் யாத்திரிகர்கள் சிலர் குடந்தைப் பெருமாள்மேல் நம்மாழ்வார் பாடிய பத்துப் பாசுரங்களைச் சேவித்தார்கள். இவை ஆயிரத்தில் பத்து என்று கடைசிப் பாசுரமே சொல்லியது. மற்றவை எங்கே என்று கேட்டார் நாதமுனிகள். பாடியவர்களுக்குத் தெரியவில்லை. இல்லாத ஒன்றைச் சுட்டிய அந்த ஒரு குறிப்பைப் பிடித்துக்கொண்டு அவர் குருகூர் வரை போனார். நாலாயிரமும் கிடைத்தது என்கிறது மரபு. கிடைத்ததும் அவர் செய்த வேலைதான் எனக்கு முக்கியம். மருமகன்கள் இருவருக்கு இசையோடு கற்றுக்கொடுத்தார். ஒரு வாயிலிருந்து பல வாய்க்கு மாற்றினார். மார்கழியில் ஸ்ரீரங்கத்தில் பகல் பத்து, இராப் பத்தில் அரையர்கள் சேவிப்பது அந்த ஏற்பாட்டின் தொடர்ச்சி.

இணையத்தில் இதைச் செய்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்தின் லோசானிலிருந்து கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்கள் வீட்டில் உட்கார்ந்து எழுத்தெழுத்தாகத் தட்டச்சு செய்ததால் வளர்ந்தது. தொடக்க ஆண்டுகளில் டிஸ்கியில் வெளியிட்டார்கள். யூனிகோடு வந்ததும் அந்த நூல்களையெல்லாம் அதற்கு மாற்றி மறுபடி வெளியிட்டார்கள். யார் வேண்டுமானாலும் நகலெடுத்துக்கொள்ளலாம் என்றும் விட்டுவிட்டார்கள். இன்று அந்தத் தளம் ஒரு நாள் திறக்காவிட்டாலும் திருவாய்மொழி காணாமல் போகாது. எத்தனையோ கணினிகளில் அது இருக்கிறது. தன் பக்கத்தைப் பூட்டி வைத்து, யாரும் வெட்டி ஒட்ட முடியாதபடி வலது சொடுக்கையும் தடுத்து வைத்த தளங்கள் அந்நாளில் ஏராளம். அவற்றில் பலவற்றின் பெயர்கூட இப்போது நினைவில் இல்லை.

வாசகர்களிடம் கேட்பது இதுதான். உங்களுக்குப் பயன்பட்ட சிறிய தமிழ்த் தளம் ஒன்று இருக்கும். ஊர் வரலாறோ, ஒரு கோயிலின் கல்வெட்டுக் குறிப்போ, நின்றுபோன சிற்றிதழின் சில இதழ்களோ அதில் இருக்கலாம். அதன் முகவரியை இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் கொடுத்துச் சேமியுங்கள், ஒரு நிமிட வேலை. ஒரு நகலை உங்கள் வன்தட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து எதையாவது பகிர்ந்தால் எழுதியவர் பெயரையும் முகவரியையும் சேர்த்தே அனுப்புங்கள். பழைய எழுத்துருக்களில் கட்டுரைகளை வைத்திருப்பவர்கள் யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகளைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. அந்தக் கோப்புகளைத் திறக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.